குறைந்த குளிரிலும் காய்க்கும் ஆப்பிள்

ஆப்பிள் மரம் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். குளிர் கிடைக்காமல் போவதைத்தான் அதனால் தாங்க முடியாது. பஞ்சாப் சமவெளியிலும் இமாச்சலப் பிரதேசத்தின் அடிவாரக் கிராமங்களிலும் மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆப்பிள் காய்கள் மரத்தில் முற்றிக்கொண்டிருக்கின்றன. அதே மரத்தை மதுரையிலோ திருச்சியிலோ நட்டாலும் தழைத்து வளரும், பூக்கத்தான் தயங்கும். இரண்டு இடத்துக் கோடைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது மார்கழியும் தையும்தான்.

ஆப்பிளின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியான்ஷான் மலைத்தொடர். கஜகஸ்தானின் மலைச்சரிவுகளில் அதன் காட்டு இனம் இன்றும் இருக்கிறது. நீண்டு உறையும் குளிர்காலத்தைக் கடந்து பிழைக்க அந்த மரம் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டது. இலையுதிர்காலத்தில் குளிர் தொடங்கியதும் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டுகளை உறங்க வைக்கிறது. நடுக்குளிர்காலத்தில் நான்கைந்து நாள் இதமான வெயில் அடித்தாலும் மொட்டு ஏமாந்து விரிந்துவிடக் கூடாது. விரிந்தால் அடுத்த பனியில் கருகிவிடும். ஆகவே போதுமான அளவு குளிரை அனுபவித்து முடித்த பிறகே, அடுத்து வரும் வெப்பத்துக்கு மொட்டு செவிசாய்க்கிறது. உறக்கத்தின்போது மொட்டில் வளர்ச்சியைத் தடுத்து நிற்கும் அப்சிசிக் அமிலம் குளிர் நாட்கள் கழியக் கழியக் குறைந்து, வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் மேலோங்குகின்றன.

இந்தத் தேவையை அளக்கப் பழைய, எளிய முறை ஒன்று உண்டு. வெப்பநிலை 7.2 டிகிரிக்குக் கீழே இருந்த மணிநேரங்களைக் கூட்டிக்கொண்டே போவது. ரெட் டெலிசியஸ் போன்ற ரகங்களுக்கு இந்தக் கணக்கில் ஏறத்தாழ 800 முதல் 1,000 மணிநேரத்துக்கு மேலும் வேண்டும். ஆனால் குளிரெல்லாம் ஒரே மதிப்புடையது அல்ல. 1974இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உருவான கணக்குமுறை இதைத் தெளிவாக்கியது. 2.5 முதல் 9.1 டிகிரி வரை உள்ள ஒரு மணிநேரத்துக்கு முழு மதிப்பு. அதைவிடச் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அரை மதிப்பு. உறைபனிக் குளிருக்கு மதிப்பே இல்லை. 16 டிகிரியைத் தாண்டினால், சேர்த்ததிலிருந்து கழியும். அஞ்சறைப் பெட்டியில் சிறுவாடு சேர்ப்பது போல மரம் இரவில் சேர்த்துவைத்ததைப் பகல் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகிறது. இரவு குளிர்ந்து பகல் கொளுத்தும் ஊர்களில் ஆப்பிள் ஏன் சரியாக வருவதில்லை என்பதற்கு விடை இதுதான். இஸ்ரேல் ஆய்வாளர்களின் உழைப்பில் 1980களில் உருவான இன்னொரு முறை இதைத் திருத்தியது. வெப்பம் அண்மையில் சேர்ந்த குளிரை மட்டுமே அழிக்கும், ஓர் அளவு நிறைந்து நிலைபெற்றதை அதனால் தொட முடியாது என்கிறது அந்தக் கணக்கு. மிதவெப்ப நாடுகளுக்கு இன்று அதிகம் பொருந்துவது இதுவே.

குளிர் போதாத மரத்தைத் தோட்டக்காரர் பார்த்த உடனே கண்டுகொள்ளலாம். வசந்தம் வந்தும் கிளையின் நுனி மொட்டு மட்டும் தளிர்க்கும். கீழே நீளமாக வெறும் குச்சி நிற்கும். பூக்கள் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒன்றாக மலராமல் வாரக்கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விரியும். ஒரே கிளையில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்து நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் மருந்தடிப்புக்கும் அறுவடைக்கும் நாள் குறிக்க முடியாது, பிஞ்சும் சரியாகப் பிடிக்காது.

குறைந்த குளிரிலேயே விழித்துக்கொள்ளும் ரகங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. அவற்றில் உலகெங்கும் பரவியது அன்னா. இஸ்ரேலின் ஐன் ஷெமர் கூட்டுப்பண்ணையில் அபா ஸ்டைன் என்பவர், ரெட் ஹடாசியா என்ற உள்ளூர் ரகத்தையும் கோல்டன் டெலிசியஸையும் கலந்து இதை உருவாக்கினார். சுவைக்குப் பேர்போன ஒன்றையும் வெப்பத்துக்குப் பழகிய ஒன்றையும் இணைத்த அந்த எளிய யோசனைதான் பின்னால் வந்த பல முயற்சிகளுக்கு முன்மாதிரி. அன்னாவுக்கு 200 முதல் 300 மணிநேரக் குளிர் போதும். பழம் சற்று நீளவாக்கில், மஞ்சள்பச்சைத் தோலில் சிவப்புப் படர்ந்து, கடித்தால் மொறுமொறுவென்று புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பண்ணையின் பெயரையே கொண்ட ஐன் ஷெமர் என்ற மஞ்சள் ரகமும் அவர் உருவாக்கியதே.

டார்செட் கோல்டன் கிடைத்தது யாரும் திட்டமிடாமல். பஹாமாஸ் தீவுகளின் தலைநகரான நசாவில், உறைபனியே காணாத கடலோரத்தில், டார்செட் என்ற பெண்மணியின் தோட்டத்தில் 1950களில் ஒரு விதைக்கன்று காய்த்தது. கோல்டன் டெலிசியஸின் வழிவந்தது என்று கருதப்படும் இந்த ரகம் அன்னாவைவிடக் குறைந்த குளிரிலும் பூக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மலர்வதால் சேர்ந்தே நடப்படுகின்றன. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் மாநில விவசாயிகளுக்குப் பரிந்துரைப்பதும் இந்த இரண்டையும்தான்.

இந்தியாவில் ஆப்பிளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916 வாக்கில் சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கரில் டெலிசியஸ் ரகக் கன்றுகளை நட்டார். அந்த மலைகளின் பொருளாதாரமே அதனால் மாறியது. அவை கடுங்குளிர் கேட்கும் ரகங்கள். குளிர்காலம் இளகிவரும் இந்த நாட்களில் குல்லு பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதி விவசாயிகள் ஆப்பிளை விட்டு மாதுளை முதலியவற்றுக்கு மாறுகிறார்கள். ஒரு காலத்தில் ஆப்பிளுக்கு மிகக் குளிரானது என்று ஒதுக்கப்பட்ட லாஹௌல், ஸ்பிதி வரை தோட்டங்கள் மேலேறிவிட்டன. அதே மாநிலத்தில் எதிர்த்திசையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று. பிலாஸ்பூர் மாவட்டம் பனியாலா கிராமத்து விவசாயி ஹரிமன் சர்மா, சுமார் 1,800 அடி உயரத்தில் மட்டுமே உள்ள தன் வீட்டருகே தானாக முளைத்த ஓர் ஆப்பிள் கன்று காய்ப்பதைக் கவனித்தார். மாமரம் வளரும் அந்த ஊரில் ஆப்பிள் காய்த்தது தற்செயல் என்று விட்டுவிடாமல், அதன் குச்சியைப் பிளம் மரத்தில் ஒட்டுக்கட்டிப் பெருக்கினார். எச்ஆர்எம்என்-99 என்று பெயர் பெற்ற அந்த ரகத்தைத் தேசிய புத்தாக்க அறக்கட்டளை பல மாநிலங்களுக்கு அனுப்பிச் சோதித்தது. அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு விவசாயியின் கூர்ந்த பார்வைக்குக் கிடைத்த மிக நியாயமான மரியாதை அது.

200 மணிநேரக் குளிரும் கிடைக்காத ஊர்களுக்கு ரகம் மட்டும் போதாது. அவற்றுக்கு வழிகாட்டுவது ஜாவா. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 8 டிகிரியில், கிழக்கு ஜாவாவின் மலாங் நகரை அடுத்த பத்து என்ற மலையூரில், 700 முதல் 1,200 மீட்டர் உயரச் சரிவுகளில் பல பத்தாண்டுகளாக ஆப்பிள் விளைகிறது. டச்சுக்காரர் காலத்தில் வந்த ரோம் பியூட்டியும், மனலகி என்ற உள்ளூர் ரகமும், அன்னாவும் அங்கே உண்டு. அந்த மரங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கின்றன.

அதற்கு அங்குள்ள விவசாயிகள் செய்வது, அறுவடை முடிந்து மூன்று நான்கு வாரத்தில் மரத்தின் இலைகளை எல்லாம் உருவி எடுப்பது. ஆட்கள் கிளை கிளையாகப் பிடித்து, அடியிலிருந்து நுனிநோக்கி, மொட்டு நசுங்காமல் கையால் இலையைக் களைகிறார்கள். சில இடங்களில் யூரியாக் கரைசல் தெளித்து இலையைக் கருக வைப்பதும் உண்டு. பிறகு கவாத்து செய்து, நிமிர்ந்த கிளைகளைக் கயிற்றால் வளைத்துக் கட்டி, உரமிட்டு நீர்பாய்ச்சுகிறார்கள். சில வாரங்களில் மொட்டுகள் ஒருசேர வெடிக்கின்றன. அதிலிருந்து நான்கரை, ஐந்து மாதத்தில் அறுவடை. மறுபடி இலை உருவல்.

இது பலிப்பதற்கான காரணம் பிற்பாடுதான் விளங்கியது. ஆப்பிள் மரத்தை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்புவது பகல் குறுகுவது அல்ல, குளிர்தான் என்பதை நார்வேயில் நடந்த ஆய்வு 2005இல் காட்டியது. பத்துவில் அந்தக் குளிர் வருவதே இல்லை. ஆகவே அங்கே மொட்டு ஆழமாக உறங்குவதில்லை. அருகிலுள்ள முற்றிய இலை அதை அடக்கி வைத்திருப்பதோடு சரி. சரியான நேரத்தில் இலையை நீக்கினால் அடக்குமுறை நீங்கி மொட்டு விரிந்துவிடுகிறது. அரைகுறைக் குளிர் வாய்க்கும் ஊரில்தான் சிக்கல் அதிகம். மரத்தை உறங்க வைக்கும் அளவுக்குக் குளிர் இருக்கும். எழுப்பி விடும் அளவுக்கு இருக்காது. போதிய குளிர், அரைகுறைக் குளிர், குளிரே இல்லாமை என்ற மூன்றில் தம் ஊர் எந்த வகை என்பதையே ஆப்பிள் நட நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரேசில் இந்த அறிவை வறண்ட சமவெளிக்கே கொண்டுபோனது. அங்கு பரனா மாநில ஆய்வு நிலையம் அன்னாவையும் காலா என்ற ரகத்தையும் கலந்து ஈவா என்ற ரகத்தை 1999இல் வெளியிட்டது. சாவோ பிரான்சிஸ்கோ ஆற்றோரம், 9 டிகிரி தென் அட்சத்தில் உள்ள பெட்ரோலினாவில் ஈவாவும் பிரின்சேசா என்ற இன்னொரு ரகமும் சொட்டுநீரில் வளர்க்கப்பட்டுக் காய்த்திருக்கின்றன. நீரைக் குறைத்து மரத்தை ஓய்வுக்குத் தள்ளி, இலையை நீக்கி, மொட்டை எழுப்பும் ஹைட்ரஜன் சயனமைடு தெளிப்பது அங்குள்ள முறை. மகாராஷ்டிரத் திராட்சைத் தோட்டங்களிலும் பழகிப்போன இந்த மருந்து கொடிய நஞ்சு. தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். தெளித்தவர் மது அருந்தினால் பாதிப்பு பல மடங்காகும். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் இதற்கான அனுமதியை மறுத்துவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் நான்கு மரம் வைத்திருப்பவர் இதை நாடவே கூடாது. கையால் இலை உருவுவதே அவருக்குச் சரி.

பூ வந்தபின் அடுத்த கேள்வி மகரந்தம். பெரும்பாலான ஆப்பிள் ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரே ரகத்தின் ஒட்டுக்கன்றுகள் அனைத்தும் மரபில் ஒரே மரம் என்பதால், தோட்டம் முழுக்க அன்னா இருந்தாலும் அது துணையில்லாத மரமே. சில மீட்டர் தொலைவுக்குள் டார்செட் கோல்டனோ ஐன் ஷெமரோ நிற்க வேண்டும், அதே வாரத்தில் அதுவும் பூக்க வேண்டும், இடையே தேனீ பறக்க வேண்டும். சமவெளியில் இந்த ரகங்கள் பிப்ரவரியிலேயே பூத்துவிடுகின்றன. பூக்காலத்தில் பூச்சிமருந்து தெளிப்பது தேனீயைக் கொன்று காய்ப்பையும் கெடுக்கும். எச்ஆர்எம்என்-99 துணையின்றியே காய்க்கும் என்று சொல்லப்படுகிறது. அதற்கும் அருகில் இன்னொரு ரகம் இருந்தால் இழப்பு ஒன்றுமில்லை.

ஒட்டுக்கன்றின் அடிப்பாகமான வேர்ச்செடியைப் பற்றி வாங்குபவர்கள் கேட்பதே இல்லை. மரத்தின் உயரம், காய்க்கும் வயது, வறட்சி தாங்கும் திறன் எல்லாவற்றிலும் வேர்ச்செடிக்குப் பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங், மெர்ட்டன் ஆய்வு நிலையங்கள் சேர்ந்து உருவாக்கிய எம்எம் வரிசை வேர்ச்செடிகள், வேரில் பஞ்சு அப்பியதுபோல் ஒட்டிக்கொள்ளும் கம்பளி அசுவினியை எதிர்ப்பவை. அவற்றில் எம்எம்-111 ஆழமாக வேர்விட்டு வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும். எம்எம்-106 இன்னும் விரைவில் காய்க்கும் என்றாலும் நீர் தேங்கும் மண்ணில் அடித்தண்டு அழுகிப்போகும். களிமண் நிலத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து நடுவது நல்லது. ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே நான்கு விரற்கடையாவது தெரிய வேண்டும். முடிச்சு புதைந்தால் மேல்குச்சியே வேர்விட்டு, வேர்ச்செடிக்குக் கொடுத்த காசு வீணாகும்.

நட்ட முதல் இரண்டு ஆண்டுகள் மரத்துக்கு உருவம் கொடுப்பதற்கு. கிளை நேராக மேல்நோக்கி வளர்ந்தால் ஆப்பிள் இலையையே பெருக்கும். படுத்தாற்போல் சாய்ந்தால் பூ மொட்டு வைக்கும். நுனி மொட்டிலிருந்து இறங்கும் ஆக்சின் கீழுள்ள மொட்டுகளை அடக்குவதும், கிளையைச் சாய்க்கும்போது அந்தப் பிடி தளர்வதும் காரணம். பென்சில் பருமனில் இருக்கும்போதே கிளையைத் தண்டிலிருந்து 45 முதல் 60 டிகிரி வரை விரித்து, தரையில் அடித்த முளையோடு கயிற்றால் கட்டிவிட வேண்டும். கட்டும் இடத்தில் சாக்குத்துணி வைத்தால் பட்டை அறுபடாது. பக்கவாட்டில் குட்டையாகத் தோன்றும் சுருக்கம் விழுந்த குறுங்கிளைகள்தாம் ஆண்டுதோறும் பூ தருபவை. தெரியாமல் அவற்றைக் குப்பையென்று கவாத்தில் வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அன்னா ஓராண்டு வயதுக் கிளையிலும் காய்ப்பதால் மூன்றாம் ஆண்டிலேயே பழம் காட்டிவிடும்.

பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்ததும் கொத்துக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு பழத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். மனம் வராத வேலைதான். ஆனால் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் எலுமிச்சையளவுப் பழங்களே கிடைக்கும். மரமும் களைத்து அடுத்த ஆண்டு பூக்காமல் நின்றுவிடும்.

வெயில் தன் வேலையைக் காட்டுவது காய் முற்றும் பருவத்தில். நேர் வெயில் படும் பழத்தின் தோல், சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரிக்கும் மேலாகச் சூடேறும். தோலின் சூடு 46 டிகிரியைத் தாண்டும்போது பழுப்புத் திட்டுகள் விழுகின்றன. 52 டிகிரியை எட்டினால் தோல் வெந்து செத்துப்போகிறது. மேற்குப் பக்கத்து இலைகளை அதிகம் கழிக்காமல் விடுவதும், பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டுவதும், கயோலின் என்ற வெள்ளைக் களிமண் கரைசலைத் தெளிப்பதும் தற்காப்பு. இளமரத்தின் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசினால் பட்டை வெடிக்காது. வேர்ப்பகுதியில் வைக்கோல் மூடாக்கு போட்டு, சீராக நீர் கொடுக்க வேண்டும். காயவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும், உதிரும். நிறம் பற்றியும் ஏமாற்றம் இருக்கலாம். ஆப்பிளின் சிவப்புக்கு இரவுக் குளிர் வேண்டும். புழுக்கமான இரவுகளில் பழுத்த அன்னா பாதி பச்சையாகவே இருக்கும், சுவையில் குறை இராது. மஞ்சள் ரகங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கம்பளி அசுவினி, சான் ஜோஸ் செதில்பூச்சி, தண்டுத்துளைப்பான் ஆகியவை இங்கும் வரும். இனிப்பு ஏறியதும் கிளி, குரங்கு, பழ ஈ எல்லாம் வந்துவிடும். பழத்துக்குப் பை கட்டுவது மூன்றில் இரண்டுக்காவது மருந்து.

வட இந்தியச் சமவெளியில் அறுவடை மே இறுதியிலும் ஜூன் மாதத்திலும் வருகிறது. காஷ்மீர், இமாச்சல மலைகளின் புதுப்பழம் சந்தைக்கு வருவதற்கு முந்தைய இடைவெளி அது. குளிர்பதனக் கிடங்குச் சரக்கும் வெளிநாட்டுப் பழமுமே கடைகளில் இருக்கும் அந்த வாரங்களில் இதற்கு நல்ல விலை உண்டு. ஆனால் இந்தப் பழம் காத்திருக்காது. வெயிலில் வேகமாகப் பழுத்த ஆப்பிள் தானே எத்திலீன் வாயுவை வெளியிட்டு விரைவாக மிருதுவாகும். வெளியில் வைத்தால் ஒரு வாரத்தில் மாவாகிவிடும், குளிர்பதனத்திலும் சில வாரங்களே தாங்கும். அருகில் சந்தை உள்ளவருக்குத்தான் இது லாபம் தரும்; மாதக்கணக்கில் இருப்பு வைத்து விற்கலாம் என்று கணக்குப் போடுபவர் நட்டப்படுவார்.

தமிழ்நாட்டில் ஆப்பிளுக்கு இயல்பான இடம் கொடைக்கானலும் நீலகிரியும். 2,000 மீட்டருக்கு மேலான கொடைக்கானலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. பார்லின்ஸ் பியூட்டி, ரோம் பியூட்டி போன்ற ரகங்கள் அந்த மலையில் காய்த்துப் பழகியவை. என்றாலும் அங்குத் தோட்டக்காரர்களிடம் பேரிக்காயும் பிளம்ஸும் பெற்ற இடத்தை ஆப்பிள் பெறவில்லை. ஏற்காடு, ஓசூர் போன்ற நடுத்தர உயரங்களில் 7 டிகிரியைத் தொடும் இரவே அபூர்வம். அங்கே அன்னாவையும் டார்செட் கோல்டனையும் ஜாவா முறையில் இலை உருவி வளர்த்துப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. சென்னை, மதுரை, திருச்சி சமவெளியில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே போவது அரிது. அங்கு ஆப்பிளை ஆசைக்கு ஒன்றிரண்டு வைக்கலாம். அது நான்கு பழம் தந்தாலும் மகிழ்ச்சிதான். அதை நம்பி ஏக்கர் கணக்கில் மா, கொய்யாவை வெட்டுவது தவறு. இலை உருவி, கிளை வளைத்து, நீர் கட்டுப்படுத்தும் வேலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஜாவாவின் பத்து ஊரிலேயே மண் களைத்தும் வெப்பம் ஏறியும் ஆப்பிள் பரப்பு சுருங்கி, ஆரஞ்சுக்குப் பலர் மாறிவிட்டார்கள்.

கன்று வாங்கும்போது கேட்க வேண்டியவை சில. எந்த ரகம், எந்த வேர்ச்செடி, எங்கிருந்து எடுத்த ஒட்டுக்குச்சி, துணை ரகம் கிடைக்குமா என்பவை அவை. விதைபோட்டு முளைத்த கன்றை ஒட்டுக்கன்று என்று விற்பதும் நடக்கிறது. ஆப்பிள் விதை தாயின் குணத்தைக் கொண்டுவராது, காய்க்கவும் எட்டுப் பத்து ஆண்டு ஆகலாம். தண்டின் அடியில் ஒட்டு முடிச்சு ஒரு சிறு வளைவாகத் தெரிகிறதா என்று தடவிப் பார்த்தே காசு கொடுக்க வேண்டும். படத்தில் உள்ள சிவப்புப் பழத்தைக் காட்டி எந்த ஊரிலும் முதல் ஆண்டே காய்க்கும் என்று சொல்பவரிடம் வாங்காமல் இருப்பதே மேல். அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலோ, ஏற்கெனவே காய்த்து நிற்கும் மரத்தைக் காட்டக்கூடிய நர்சரியிலோ வாங்குவது பாதுகாப்பானது. அந்தத் தாய்மரம் வாங்குபவரின் ஊரைப் போன்ற உயரத்திலும் குளிரிலும் நிற்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.